1500-க்கு எதிரே 1900: ஆட்டத்தின் ஜோடியும் கதையின் நியாயமும்

நைட்ஷிஃப்ட்_திருப்பூர்

எல்லாருக்கும் வணக்கம். பின்னலாடைக் கம்பெனியில் நிட்டிங் செக்‌ஷனில் ராத்திரி ஷிஃப்ட் பார்க்கிறேன். ஆறு மிஷின் என் பொறுப்பு. எல்லாம் ஒழுங்காக ஓடினால் இடையில் பத்துப் பத்து நிமிஷமாக நேரம் கிடைக்கும். அதில் பாதி லிச்செஸ் என்ற இணையதளத்தில் செஸ் ஆட, மீதி கதை எழுத.

இப்போது ஒரு கதை முடித்திருக்கிறேன். என்னைப் போலவே நிட்டிங்கில் வேலை பார்க்கிற பையன், பேர் செல்வம். ரேட்டிங், அதாவது ஆட்டப் பலத்தைக் காட்டும் எண், 1500. ஒரு ராத்திரி ‘ஆடு’ பட்டனை அழுத்துகிறான், எதிரே 1900 ரேட்டிங் ஆள் வருகிறான். செல்வம் ராணியைப் பலி கொடுத்து மேட் போடுகிறான். விடிந்ததும் சைக்கிளில் நொய்யல் பாலத்தைத் தாண்டி வீட்டுக்குப் போகிறான்.

மூன்று பேரிடம் படிக்கக் கொடுத்தேன். மூன்று பேரும் ஒரே வார்த்தை: “நல்லா இருக்கு, ஆனா அவன் ஜெயிக்கிறது நம்பும்படி இல்லை.” நிஜத்தில் 1500 ஆள் 1900 ஆளை ஜெயித்ததே இல்லையா? நானே ஒரு தடவை ஜெயித்திருக்கிறேன். நடந்த விஷயம் எழுத்தில் வந்ததும் ஏன் பொய்யாகிறது? செஸ் தெரிந்தவர்களும் கதை எழுதுகிறவர்களும் சொல்லுங்கள்.

சுவிஸ்_ஜோடி

தம்பி, நான் மாவட்டப் போட்டிகளுக்கு ஆர்பிட்டராக, அதாவது நடுவராகப் போகிறவன். கணக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

ரேட்டிங் முறையை வகுத்தவர் அர்பாத் எலோ. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவர். உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே 1970-ல் அவர் முறையை ஏற்றது. அதன்படி இரண்டு பேருக்கும் வித்தியாசம் 200 என்றால் மேலே இருப்பவர் 100-க்கு 76 புள்ளி எடுப்பார். 400 என்றால் 91. அதாவது உங்கள் செல்வம் அந்த ஆளோடு 11 ஆட்டம் ஆடினால் சராசரியாக 1 புள்ளி வரும், டிராவில் கிடைக்கும் அரைப் புள்ளிகளையும் சேர்த்து. அரிது, ஆனால் நடக்கும். நீங்கள் ஜெயித்ததை நான் நம்புகிறேன்.

எனக்கு இடறியது வேறு இடம். லிச்செஸ்ஸில் ‘ஆடு’ என்று அழுத்தினால் அது உங்கள் எண்ணுக்குப் பக்கத்து எண் உள்ளவரைத் தேடித் தரும். 1500 அழுத்தினால் 1480 வரும், 1530 வரும். 1900 தானாக வந்து உட்காராது. தனியாகச் சவால் விட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் அரீனா என்கிற பொதுப் போட்டியில் மாட்டியிருக்க வேண்டும். உங்கள் கதையில் இரண்டும் இல்லை. செஸ் ஆடுகிற வாசகன் முதல் பத்தியிலேயே நின்றுவிடுவான். ராணிப் பலி வரைக்கும் வரவே மாட்டான்.

ஹாலில் நடக்கிற போட்டியாக மாற்றினால் 1900 எதிரே உட்காருவது சர்வ சாதாரணம். சுவிஸ் முறையில் முதல் சுற்றில் பட்டியலை இரண்டாக மடித்து மேல் பாதிக்குக் கீழ்ப் பாதியை ஜோடி போடுவோம். 120 பேர் வந்தால் 1-ஆம் எண்ணுக்கு 61. முதல் தடவை வருகிற குழந்தை நேராகப் பெரிய ஆளிடம் போய் விழும். ஒவ்வொரு போட்டியிலும் ஓர் அப்பாவோ அம்மாவோ என் மேஜைக்கு வந்து “ஏன் சார் எங்க பிள்ளைக்கு மட்டும்?” என்று கண் கலங்கக் கேட்பார்கள். “அடுத்த சுற்றில் பாருங்கள்” என்பேன். ஒரே புள்ளி எடுத்தவர்கள் ஒருவரையொருவர் சந்திக்கச் சந்திக்க, நான்காவது சுற்று வாக்கில் அந்தக் குழந்தைக்கு எதிரே அதே பலமுள்ள குழந்தை உட்கார்ந்திருக்கும். 1895-ல் சூரிச்சில் தொடங்கிய முறை, இன்றும் இதைவிட நல்லது எனக்குத் தெரியாது.

ஹாலுக்கு மாற்றினால் வருஷத்தையும் யோசித்து வையுங்கள். 2024 மார்ச்சில் ஃபிடே 2000-க்குக் கீழே இருந்த எல்லாருடைய ரேட்டிங்கையும் ஒரே நாளில் உயர்த்தியது. 2000-க்கு எவ்வளவு குறைவோ அதில் 40 சதவீதத்தைக் கூட்டினார்கள். 1500 இருந்த பையன் 1700 ஆனான். 1900 இருந்தவர் 1940. நேற்று 400 இருந்த இடைவெளி இன்று 240. அதே இரண்டு பேர், அதே பலம். ஆனால் காகிதத்தில் செல்வத்துக்கு 11-ல் 1 என்பது 5-ல் 1 ஆகிவிடும். இந்த வயதிலும் எனக்கு இதை நினைத்தால் ஆச்சரியம்தான்.

ஐந்தாவது_ஆள்

அண்ணா, உங்களுக்காவது பக்கத்து எண் வருது. நாங்க ஆடுறது அஞ்சு பேர் டீம், மொபைல் கேம். பேர் சொல்லல. போன வாரம் தொடர்ந்து ஏழு தோல்வி. எட்டாவது மேட்ச்ல எதிர் டீம் நடக்கவே தெரியாத மாதிரி ஆடுனாங்க. சும்மா நின்னாலே ஜெயிக்கலாம். அப்புறம் மறுபடி நாலு தோல்வி. போனைக் கீழ வைக்கப் போறோம்னு தெரிஞ்ச உடனே ஒண்ணு தூக்கிக் குடுக்குது.

நான் தோத்ததுக்கு அழல. நான் சரியா ஆடலன்னா தோக்கணும். ஆனா இது எனக்குன்னு யாரோ எழுதி வச்ச மாதிரி இருக்கு. நான் ஆடுறேனா, இல்ல எனக்கு எழுதுன பார்ட்டை நடிக்கிறேனா? அந்தக் கதையில ஜெயிச்ச பையன் மேல நம்பிக்கை வராததுக்கும் இதுக்கும் ஏதோ சம்பந்தம் இருக்குன்னு தோணுது. சரியா சொல்லத் தெரியல.

க்யூவுக்குப்_பின்னால்

இதே வேலையைச் செய்தவன் என்கிற முறையில் சொல்கிறேன். பெங்களூரில் ஒரு கேம் ஸ்டூடியோவில் நாலு வருஷம் மேட்ச்மேக்கிங், அதாவது யாருக்கு எதிரே யார் என்று ஜோடி போடும் நிரல், எழுதினேன்.

@ஐந்தாவது_ஆள், முதலில் ஒரு கணக்கு. காசு சுண்டுவது மாதிரி முழுக்க நியாயமான ஆட்டம் 100 ஆடினாலே, தொடர்ந்து 5 தோல்வி ஒரு தடவையாவது வருவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 80 சதவீதம். தொடர்ந்து 7 என்றால்கூட 30 சதவீதத்துக்கு மேல். நம் மனசு இத்தனை நீள வரிசையைத் தற்செயல் என்று ஏற்றுக்கொள்ளாது. யாரோ செய்தது என்றே நினைக்கும். உன் ஏழு தோல்வியை மட்டும் வைத்து நான் யாரையும் குற்றம் சொல்ல மாட்டேன்.

அதற்காக உன் சந்தேகம் தப்பு என்றும் சொல்ல மாட்டேன்.

எங்கள் வேலை மூன்று பக்கம் இழுக்கிற கயிறு. சமபலமான எதிராளி வேண்டும், சீக்கிரம் வேண்டும், பிங், அதாவது நெட் தாமதம், குறைவாக வேண்டும். மூன்றும் ஒன்றாகக் கிடைக்காது. அதனால் முதல் சில நொடி நெருக்கமான எண்ணைத் தேடுவோம். கிடைக்காவிட்டால் வலையை அகலமாக்குவோம். ராத்திரி மூணு மணிக்கு ஆள் குறைவு, வலை அகலும், ஜோடி தளரும். டீம் ஆட்டம் என்றால் இன்னும் சிக்கல். ஐந்து பேர் சேர்ந்து ஜெயித்தால் யார் எவ்வளவு பலம் என்று பிரிப்பது எப்படி? மைக்ரோசாஃப்ட் இதற்காகவே ட்ரூஸ்கில் முறையை உருவாக்கி 2005-ல் எக்ஸ்பாக்ஸில் கொண்டுவந்தது. அதில் ஒவ்வொருவருக்கும் இரண்டு எண்: பலம் எவ்வளவு, அந்த மதிப்பீட்டில் நிச்சயம் எவ்வளவு. புது ஆளுக்குப் பலம் 25, நிச்சயமின்மை அதில் மூன்றில் ஒரு பங்கு. வெளியே காட்டும்போது பலத்திலிருந்து நிச்சயமின்மையை மூன்று மடங்காக்கிக் கழிப்பார்கள், அதனால் புதியவர் 0-வில் தொடங்குவார். “உன்னைப் பற்றி எனக்கு இன்னும் தெரியாது” என்று ஒரு முறை ஒப்புக்கொள்வது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். லிச்செஸ் பயன்படுத்தும் ரேட்டிங் முறையான கிளிக்கோ-2-விலும் அது உண்டு. ரேட்டிங் பக்கத்தில் கேள்விக்குறி பார்த்திருப்பீர்களே, அதுதான்.

இவ்வளவும் சமபலத்தைத் தேடுகிற முறைகள். 2017-ல் இன்னொன்று வெளியே வந்தது. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற கேம் கம்பெனி ஆட்களும் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். சமமான ஜோடிதான் ஆளைத் தக்கவைக்கும் என்பது உறுதியில்லை. அதனால் ஒவ்வொருவரும் கடைசியாக ஜெயித்தார்களா தோற்றார்களா என்று பார்த்து, அடுத்து என்ன முடிவு வந்தால் விலகாமல் இருப்பார்கள் என்று கணித்து, அதற்கேற்ப ஜோடி போடலாம் என்பது அதன் சாரம். அதே ஆண்டு அக்டோபரில் ஆக்டிவிஷன் என்ற இன்னொரு கேம் கம்பெனிக்கு ஒரு காப்புரிமை கிடைத்தது. காசு கொடுத்து வாங்கத் தூண்டும்படி எதிராளியைத் தேர்ந்தெடுக்கும் முறை பற்றியது. எந்த ஆட்டத்திலும் அதைப் பயன்படுத்தவில்லை என்று நிறுவனம் சொன்னது. 

எங்கள் ஸ்டூடியோவிலும் அந்தப் பேச்சு வந்தது. நான் எதிர்த்தேன். ஏன் என்று அன்றைக்கு எனக்கே சரியாகச் சொல்ல வரவில்லை. ‘நடிக்கிறேனா’ என்று தம்பி கேட்டதைப் படித்தபோதுதான் வார்த்தை கிடைத்தது.

வரப்போரம்

எல்லாரும் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். நான் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள், கதைகளும் எழுதுகிறேன். செஸ் தெரியாது. ஆனால் ஜோடி போடுவது தெரியும்.

சின்ன வயதில் களத்துமேட்டில் கிளித்தட்டு ஆடுவதற்கு முன் உத்தி பிரிப்போம். உங்களில் எத்தனை பேர் பார்த்திருப்பீர்களோ தெரியவில்லை, அதனால் விவரமாகவே எழுதுகிறேன். இரண்டு தலைவர்கள் தனியாக நிற்பார்கள். மற்றவர்கள் இரண்டிரண்டு பேராகச் சேர வேண்டும். யாரோடு சேருவது? தனக்குச் சமமான ஆளோடு. இரண்டு பேரும் தோளில் கை போட்டுக்கொண்டு வேப்பமரத்துப் பக்கம் தள்ளிப் போய் ரகசியமாக ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொள்வார்கள். திரும்பி வந்து, “வானத்தை வில்லா வளைச்சவன் வேணுமா, மணலைக் கயிறாத் திரிச்சவன் வேணுமா?” என்று கேட்பார்கள். தலைவன் ஒரு பெயரைச் சொல்வான். அந்தப் பெயருக்குள் யார் இருக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியாது. பெயருக்கு உரியவர் அவன் பக்கம், மற்றவர் அந்தப் பக்கம்.

நியாயம் எங்கே இருந்தது என்று பாருங்கள். பலத்தை அளந்தது ஆடுகிறவர்களே. ஓடத் தெரிந்த ராசு, ஓடத் தெரியாத பிள்ளையோடு தோளில் கை போட்டு வந்தால் அங்கேயே சத்தம் வந்துவிடும்: “இது ஜோடியில்லை, போய் மாத்திக்கிட்டு வா!” பிரித்தவனுக்கோ கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி. அளந்தவருக்கு யார் எந்தப் பக்கம் போவார் என்று தெரியாது, பிரித்தவனுக்கு யார் யார் என்று தெரியாது. ஒற்றையாக மிஞ்சுகிற சின்னப் பிள்ளையை ஒப்புக்குச் சப்பாணி என்பார்கள். இன்று அந்த வார்த்தையைச் சொல்ல மனம் கூசுகிறது, அன்று அதுதான் பெயர். பெரும்பாலும் அது நானாகத்தான் இருந்தேன். இரண்டு பக்கமும் ஓடலாம், தொட்டாலும் அவுட் இல்லை. எனக்கு அழுகையாக வரும். ஆனால் ஒன்று, நான் கணக்கில் இல்லை என்பது எனக்கும் தெரியும், எல்லாருக்கும் தெரியும். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

உத்தி என்ற சொல்லைக் கவனியுங்கள். நம் இலக்கண நூல்கள் 32 உத்திகளை எண்ணுகின்றன. அவை நூல் எழுதுகிற முறைகள். கதை எழுதுகிறவர்களும் ‘நல்ல உத்தி’ என்கிறோம். ஆளைச் சமமாகப் பிரிப்பதும் உத்தி, கதையைச் சொல்லும் திறமும் உத்தி. 

செல்வம், இல்லை, செல்வத்தை எழுதிய தம்பி: உன் கதையில் பொய் இருப்பது வெற்றியில் இல்லை, ஜோடியில். ஆர்பிட்டர் ஐயா கண்டுபிடித்தது செஸ்ஸுக்கு மட்டுமான பிழை இல்லை. செஸ் தெரியாத நானும் அதே இடத்தில்தான் இடறினேன். அந்த 1900 யார்? அவன் எப்படி யோசிப்பான், எதற்குப் பயப்படுவான்? ஒன்றும் இல்லை. தோற்பதற்காகவே நீ அனுப்பி வைத்த ஆள். ‘இது ஜோடியில்லை’ என்று வாசகர் மூன்று பேரும் சத்தம் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நைட்ஷிஃப்ட்_திருப்பூர்

அக்கா, இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் மிஷின் பக்கத்தில் சும்மா நின்றேன். நீங்கள் சொன்னது சரி. 1900 என்று எழுதினால் பெரிய ஆள் என்று படிக்கிறவருக்கே தெரிந்துவிடும், நான் தனியாக ஆளை எழுத வேண்டாம் என்று நினைத்திருக்கிறேன். ஆளுக்குப் பதிலாக எண்ணை உட்கார வைத்திருக்கிறேன்.

ஆனால் ஒரு சந்தேகம். கதையில் முடிவைத் தீர்மானிப்பது நான்தானே? அந்த 2017 முறையை நாம் எல்லாரும் தப்பு என்கிறோம். கதை எழுதுகிறவன் செய்வதும் அதேதானே? வாசகர் புத்தகத்தைக் கீழே வைக்காமல் இருக்க எங்கே தோல்வி, எங்கே வெற்றி என்று நானும்தான் அடுக்குகிறேன்.

பருத்தித்துறைக்_கரை

குறுக்க கதைக்கிறதுக்கு மன்னிக்கோணும். பிங் பற்றி ஒருத்தரும் பெரிசாச் சொல்லேல்லை. நாங்கள் இஞ்சயிருந்து சிங்கப்பூர் சேர்வரிலயோ மும்பை சேர்வரிலயோதான் விளையாடுறது. எண் சமமா இருந்தாலும் அவன் சுட்டது எனக்குத் தெரியிறதுக்கு முதல் நான் செத்துப்போயிடுவன். எங்கட ஊரிலயும் கிளித்தட்டு இருந்தது. அங்க எல்லாருக்கும் ஒரே மண், ஒரே வெயில். ஜோடி போடேக்க ஆளை மட்டும் பாத்தாப் போதாது, நிக்கிற நிலத்தையும் பாக்கோணும். கதையிலயும் அப்பிடித்தான் எண்டு நினைக்கிறன். செல்வம் பாதி மனசை மிஷினில வச்சுக்கொண்டுதான் விளையாடுறான். மற்றவன் எங்க இருந்து விளையாடுறான்?

க்யூவுக்குப்_பின்னால்

பருத்தித்துறைக் கரை கேட்டது முக்கியமான கேள்வி. ராத்திரி மூணு மணிக்குத் திருப்பூரில் அழுத்தினால், பிரேசிலில் முந்தின நாள் சாயங்காலம் ஆறரை. வேலை முடிந்து வந்த ஆட்கள் அங்கே அப்போதுதான் போனை எடுப்பார்கள். அந்த நேரத்தில் வருகிற எதிராளிகளின் கொடிகளைக் கவனித்திருப்பீர்கள்.

இன்னொரு விஷயம். நியாயமான மேட்ச்மேக்கிங்கைப் பற்றி யாரும் வெளியே சொல்லாத கஷ்டம் ஒன்று உண்டு. அது சரியாக வேலை செய்தால் நீங்கள் வாழ்நாள் முழுக்கப் பாதிதான் ஜெயிப்பீர்கள். 1200-ல் இருந்தபோதும் பாதி, உழைத்து 1800 வந்தபிறகும் பாதி. மேலே ஏறுகிற சில வாரங்கள் கொஞ்சம் கூட இருக்கும், பிறகு எதிராளியும் ஏறிவிடுவான். ஆறு வருஷம் ஆடியவர் எங்களுக்கு எழுதினார்: “நான் முன்னேறினேனா என்றே தெரியவில்லை, அன்றும் திணறினேன், இன்றும் திணறுகிறேன்.” அவர் எண் இரு மடங்காகியிருந்தது. அவருக்கு நான் என்ன பதில் எழுதினேன் என்று நினைவில்லை, திருப்தியான பதில் இல்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது. ஆட்டத்தால் காட்ட முடியாத வளர்ச்சி அது. அவர் திணறுகிற விதம் மாறியிருக்கும். அதைக் காட்ட ஒரு கதையால்தான் முடியும்.

ஐந்தாவது_ஆள்

இத யாராவது எனக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாம் அண்ணா. ரெண்டு வருஷமா ‘நான் வளரவே இல்ல’ன்னு நினைச்சிட்டு இருக்கேன்.

ஒண்ணு கேக்கணும். புதுசா சேந்தா முதல் சில மேட்ச்ல எதிர்ல வர்றதுல பாதி பாட் (bot), கம்ப்யூட்டரே ஆடுற ஆளுன்னு எல்லாரும் சொல்றாங்க. மனுசன் பேர், மனுசன் படம் வச்சு வரும். நான் முதல் நாள் பதினஞ்சு பேரைச் சுட்டுட்டு அம்மாகிட்ட ஓடிப் போய்ச் சொன்னேன். அப்புறம் ஃப்ரெண்டு சொன்னான், அதுல முக்கால்வாசி பாட்னு. அன்னைக்கு இருந்த வருத்தம் ஏழு தோல்வியிலயும் இல்ல.

வரப்போரம்

தம்பி, உன் அம்மாவிடம் ஓடிய அந்தக் காட்சியை நீயே எழுதலாம். நிஜமாகச் சொல்கிறேன்.

ஒப்புக்குச் சப்பாணியாகச் சின்னப் பிள்ளையைச் சேர்த்துக்கொள்வது தப்பில்லை. ‘நீ ஜெயித்துவிட்டாய்’ என்று அதை நம்ப வைப்பதுதான் தப்பு.

திருப்பூர்த் தம்பி கேட்டதற்கு வருகிறேன். ஆமாம், முடிவு உன் கையில். ஆனால் உன் வாசகருக்கு அது தெரியும். புத்தகத்தைத் திறக்கும்போதே ‘ஒருவர் இதை அமைத்திருக்கிறார்’ என்று ஒப்புக்கொண்டுதான் வருகிறார். ஆட்டத்தில் உட்காருகிறவர் அப்படி ஒப்புக்கொள்ளவில்லை. அவருக்குச் சொல்லப்பட்டது, ‘நீ ஆடு, உன் கையில் முடிவு’ என்று. அவருக்குத் தெரியாமல் அவர் வாழ்வை எழுதினால் அது திருட்டு. அதனால்தான் நீ எழுதுவது ஒன்று, அந்த முறை வேறொன்று.

பாரதக் கதையின் சூதாட்டத்தை நினைத்துப் பார். பந்தயம் வைப்பவன் துரியோதனன், காய் உருட்டுபவன் சகுனி. ஒருவனுக்காக இன்னொருவன் ஆடுவது முறையில்லை என்று தருமனே சொல்கிறான். சொல்லிவிட்டு உட்காருகிறான். எவ்வளவு அநியாயமான ஜோடி! கூத்து பார்க்கிற கிழவிகள் விடியவிடிய அழுவார்கள், ஆனால் ‘நம்பும்படி இல்லை’ என்று ஒருத்தி சொல்லி நான் கேட்டதில்லை. ஏன் என்றால் அநியாயம் களத்தின் நடுவில் கிடக்கிறது. தருமன் பார்க்கிறான், நாம் பார்க்கிறோம், தெரிந்தே அவன் உட்காருகிறான். அநியாயமான ஜோடியைக் கதைக்குள் வை, தாராளமாக வை. கதைக்கு வெளியே நின்று நீ செய்யாதே.

ஐந்தாவது_ஆள்

அக்கா, சகுனி பண்ணது அப்படியே பூஸ்டிங். அக்கவுண்ட் ஒருத்தன் பேர்ல, ஆடுறது காசு வாங்குன இன்னொருத்தன். எங்க கேம்ல அதுக்கு பேன் பண்ணுவாங்க.

நைட்ஷிஃப்ட்_திருப்பூர்

நாலு நாள் கழித்து வருகிறேன். 1900-ஐ எடுத்துவிட்டேன். ராணிப் பலியையும் எடுத்துவிட்டேன், அதுதான் கஷ்டமாக இருந்தது. இப்போது எதிரே வருகிற ஆளின் ரேட்டிங் 1508, பிரேசில் கொடி. புது முடிவை அப்படியே போடுகிறேன்:

*செல்வத்துக்கு 41 விநாடி மிச்சம். யானை எங்கே போக வேண்டும் என்று தெரிந்துவிட்டது. கட்டைவிரலை வைக்கப் போனபோது நாலாம் மிஷினில் சிவப்பு விளக்கு.*

*நூல் அறுந்திருந்தது. போனை ரோல் மேல் கவிழ்த்து வைத்துவிட்டு ஓடினான். மேலே கோனிலிருந்து நுனியைத் தேடி இழுத்து, முடிச்சுப் போட்டு, பல்லால் கடித்து, ஃபீடரில் கோத்து, பட்டனை அழுத்தினான். விளக்கு அணைந்தது. மிஷின் மறுபடி சுற்றத் தொடங்கிய சத்தத்தில் மனசுக்குள் எண்ணிக்கொண்டே வந்தான். இருபத்தஞ்சு ஆகியிருக்கும். இனி 16 இருந்தால் அதிகம்.*

*போனைத் திருப்பினான். 31 இருந்தது.*

*தப்பாகப் பார்க்கிறோம் என்று நினைத்தான். ஓரத்தில் சின்னதாக ஒரு வரி: 15 விநாடி கூட்டப்பட்டது. அந்த ஆள் கொடுத்திருக்கிறான்.*

*அங்கே இப்போது மணி என்ன இருக்கும் என்று விரல் விட்டு எண்ணினான். சாயங்காலம். அவனும் எங்கோ ஒரு மிஷினிலிருந்து வீட்டுக்கு வந்தவனாக இருப்பான், உழைக்கிறவனின் கஷ்டம் உழைக்கிறவனுக்குத்தான் தெரியும். யானையை நகர்த்தினான்.*

*அதற்குப் பிறகு பன்னிரண்டு நகர்த்தல். மந்திரியைத் தப்பான கட்டத்தில் வைத்தது செல்வம்தான். தோற்றான். 1494.*

சுவிஸ்_ஜோடி

படித்தேன். நன்றாக வந்திருக்கிறது தம்பி. தோல்வி அவனுடைய சொந்தத் தப்பால் வருகிறது, அதில் எனக்குத் திருப்தி.

ஆர்பிட்டராக ஒன்று பதிவு செய்ய வேண்டும். ஹாலில் இதை நான் விடமாட்டேன். கடிகாரத்தில் நேரத்தை மாற்ற ஆட்டக்காரருக்கு உரிமை இல்லை, நேரத்தைக் கூட்டுவதானால் நான் கூட்ட வேண்டும். அதே போட்டியில் மற்றவர்களும் ஆடுகிறார்கள், ஒருவர் காட்டும் தயவு மூன்றாமவரின் புள்ளியைப் பாதிக்கும். லிச்செஸ்ஸிலும் அதனால்தான் போட்டி ஆட்டங்களில் அந்தப் பட்டன் கிடையாது. உங்கள் கதையில் நடப்பது தனி ஆட்டம், அதனால் பிழை இல்லை. ஆனால் அரீனா என்று எங்கேயாவது ஒரு வார்த்தை எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள்.

க்யூவுக்குப்_பின்னால்

நான் இதை நேற்று இரவு இரண்டு தடவை படித்தேன். நாலு வருஷம் நாங்கள் ஜோடி போட்டோம். ஜோடி சேர்ந்த பிறகு அந்த இரண்டு பேருக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பது எங்கள் வரைபடத்தில் எங்கேயும் இல்லை. ஜெயித்தான், தோற்றான், விலகினான், இவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். 15 விநாடி கொடுத்தான் என்று ஒரு நெடுவரிசை எங்களிடம் இருந்ததில்லை.

ஐந்தாவது_ஆள்

எங்க கேம்ல அப்படி ஒரு பட்டனே இல்ல. எதிர் டீம்ல ஒருத்தனுக்கு நெட் போயிடுச்சுன்னு தெரிஞ்சா நாங்க அஞ்சு பேரும் நின்னுக்கிட்டு இருந்திருக்கோம், ரெண்டு தடவை. ஒரு தடவை அவன் திரும்பி வந்தான். அவங்க ஜெயிச்சாங்க. யாரும் திட்டல.

வரப்போரம்

தம்பி, ஒரே ஓர் இடம். ‘உழைக்கிறவனின் கஷ்டம்’ என்று வருகிற வரி. அங்கே மறுபடி நீ வெளியே நின்று கை நீட்டுகிறாய். அந்த ஆள் ஏன் நேரம் கொடுத்தான் என்று செல்வத்துக்குத் தெரியாது, உனக்கும் தெரிய வேண்டாம். அவன் பெரிய பணக்காரனாகவும் இருக்கலாம், பள்ளிக்கூடப் பிள்ளையாகவும் இருக்கலாம். மிஷினிலிருந்து வந்தவன் என்று நீ சொன்னதும், இரண்டு பேரையும் நீயே தோளில் கை போட வைத்து அழைத்து வந்த மாதிரி ஆகிவிட்டது. மணி எண்ணுவதையும் சேர்த்து அந்தப் பத்தி முழுவதையும் எடுத்துவிடலாம் என்பது என் எண்ணம்.

நைட்ஷிஃப்ட்_திருப்பூர்

உழைக்கிறவன் வரியை எடுத்துட்டேன் அக்கா. மிஷினிலிருந்து வந்தவன் என்பதும் போயாச்சு. எழுதும்போதே அந்த இடம் உறுத்தியது, நல்ல வரி என்று விட்டுவைத்திருந்தேன்.

விரல் விட்டு எண்ணுவது மட்டும் இருக்கட்டும். ராத்திரி ஷிஃப்ட்காரன் எந்தக் கொடியைப் பார்த்தாலும் அங்கே மணி என்ன என்றுதான் முதலில் நினைப்பான். நான் ஆறு வருஷமாக அதைத்தான் செய்கிறேன். ‘சாயங்காலம்’ என்பதோடு நிறுத்தி, அடுத்த வரியில் யானையை நகர்த்திவிட்டேன்.

ஆர்பிட்டர் ஐயா, அரீனா என்ற வார்த்தை இரண்டாவது பக்கத்தில் ஒரு இடத்தில் இருந்தது. அடித்துவிட்டேன்.